ஒரு நாழிகை நாடகம்

தை பிறந்து பங்குனி முடிவதற்குள், சேலத்திலும் நாமக்கல்லிலும், அவற்றைச் சூழ்ந்த ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோடு, எடப்பாடி முதலிய ஊர்களிலும், பள்ளிகளும் கல்லூரிகளும் தங்கள் ஆண்டு விழாக்களை நடத்தி முடிக்கின்றன. எந்த விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலும், ஆண்டறிக்கைக்கும் பரிசளிப்புக்கும் இடையே பதினைந்து நிமிஷ நாடகம் ஒன்றுக்கு இடம் ஒதுக்கியிருப்பார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் அதைக் கொஞ்சம் இழுத்து நடத்தச் சொல்வதும், அவருடைய கார் வாசலில் வந்து நின்றுவிட்டால் அரைகுறையாக நிறுத்தச் சொல்வதும் வழக்கமாகிவிட்டபடியால், அது யாருக்கும் குற்றமாகத் தோன்றுவதில்லை. கச்சேரியில் வித்வான் நிரவல் செய்துகொண்டிருக்கும்போது அவரைப் பாதியில் நிறுத்தச் சொல்ல நமக்கு நா எழாது. நாடகத்தை நிறுத்தச் சொல்ல மட்டும் எப்படித் துணிகிறோம் என்று ஆராய்ந்தால், அதை ஒரு பூரணமான கலைப் படைப்பாக நாம் மதிக்கவில்லை, பெரிய நாடகம் போட வசதியற்றவர்கள் போடும் துணுக்காகவே எண்ணி வந்திருக்கிறோம் என்பது புலனாகும்.

இந்த எண்ணம் முற்றிலும் பிழை என்பதை வற்புறுத்தவே இதை எழுதுகிறேன். பல வருஷங்களாக ஒருவன் உள்ளத்தில் முற்றிக்கொண்டே வந்த ஒரு விஷயம், இனியும் தள்ளிப்போட இயலாது என்ற நிலைக்கு வந்து, அவன் ஒரு முடிவை எடுத்தே தீரவேண்டிய அல்லது ஓர் உண்மையை அறிந்தே தீரவேண்டிய அந்த ஒரு நாழிகைப் பொழுதை, ஒரு வினாடியைக்கூட வெட்டி எறியாமல், நம் கண்முன் நடத்திக் காட்டுவதே சிறு நாடகத்தின் ஜீவன் என்று நான் கருதுகிறேன். பெரிய நாடகத்தில் திரை விழுந்து மீண்டும் எழுவதற்குள் ஐந்து வருஷம் கழிந்துவிடலாம், குழந்தை வாலிபனாகிவிடலாம், ஏழை தனவந்தனாகிவிடலாம். சிறு நாடகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மேடையில் நிற்பவனுக்கு ஒரு நிமிஷம் கழியும்போது சபையில் அமர்ந்திருப்பவனுக்கும் அதே ஒரு நிமிஷம்தான் கழிகிறது. ஆகையால் அவனுடைய தவிப்பிலிருந்து நமக்கும் விடுதலை இல்லை.

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று சிலர் நினைக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியில் அரசு புரிந்த மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரஹசனம்’ ஒரே அங்கமுடையது; ஒரே நகரத்தின் வீதியில், ஒரே பகற்பொழுதில் நடந்து முடிவது. ஸத்யஸோமன் என்ற காபாலிகன், தன் துணைவி தேவஸோமையோடு கள் மயக்கத்தில் வீதியில் வரும்போது, தான் பிச்சையேற்கும் கபாலம் காணாமற்போயிருப்பதை உணர்கிறான். அந்த ஒரு பொருளைத் தவிர நாடகத்தில் வேறு பிரச்சினையே இல்லை. எதிர்ப்பட்ட பௌத்த பிக்ஷு நாகஸேனன் தன் ஆடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு நடப்பதைக் கண்டு அவன்மீது திருட்டுப் பழி சுமத்துகிறார்கள். மத்தியஸ்தம் செய்ய வந்த பாசுபதனும் அதே சேற்றில் இழுபடுகிறான். கடைசியில், நாயின் வாயிலிருந்து கபாலத்தைப் பறித்துக்கொண்டு வந்த ஒரு பைத்தியக்காரனால் வழக்குத் தீர்கிறது. தொலைந்துபோன ஓர் ஓட்டைத் தேடும் சாக்கில், அக்காலத்துச் சமயங்களின் வேஷங்கள் அத்தனையும் வீதியில் உரிந்து கிடக்கக் காண்கிறோம். எந்தச் சமயத்தைப் பற்றியும் ஆசிரியன் உபந்நியாசம் செய்யவில்லை. ஒரு பொருளைத் தொலைக்கச் செய்துவிட்டு, மனிதர்களை ஒருவர் பின் ஒருவராக அதனருகே வரவிட்டான், அவ்வளவுதான். சிறு நாடகம் எழுத விரும்பும் இளைஞர் எவரும் முதலில் படிக்கவேண்டிய நூல் இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அரசனுடைய சபையை விட்டு நம்முடைய மாரியம்மன் கோவில் திடலுக்கு வருவோம். சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் இன்றைக்கும் தெருக்கூத்து உயிரோடிருக்கிறது. ஏர்வாடியைச் சேர்ந்த மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழின் வாயிலாகவும், ‘களரி’ என்ற அமைப்பின் வாயிலாகவும் கூத்துக் கலைஞர்களுக்கும் பாவைக் கூத்துக் கலைஞர்களுக்கும் செய்துவரும் தொண்டு நன்றியோடு குறிப்பிடத் தக்கது. இரவெல்லாம் நடந்து, கிழக்கு வெளுக்கும்போது முடியும் கூத்துக்கும், அரை மணியில் முடியும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கூத்தின் முன்னால் ஓர் இரவு விழித்திருந்தவர் இவ்வாறு கேட்கமாட்டார். இரவு முழுவதும் ஒரே சீராக யாரும் பார்ப்பதில்லை. குழந்தைகள் தூங்குவார்கள், பெரியவர்கள் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். ஆனால் கர்ண மோட்சத்தில், கர்ணன் போருக்குப் புறப்படுமுன் பொன்னுருவியிடம் விடைபெற வரும் தர்க்கம் தொடங்கிவிட்டால், போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தேரோட்டி மகன் என்று கணவனை இகழ்ந்து வந்தவள் அவள். நாளைக்கு உயிரோடு திரும்பமாட்டோம் என்பதை அறிந்தவன் அவன். இருவரைத் தவிர மேடையில் வேறெவருக்கும் வேலையில்லை. ஆர்மோனியமும் மிருதங்கமும்கூட அவ்வப்போது ஒதுங்கி நின்று, பேச்சுக்கு வழிவிடுகின்றன. அந்தத் தர்க்கத்தை இரவிலிருந்து பிரித்தெடுத்துத் தனியே நிறுத்தினாலும் அது குறைபடாது.

அரிச்சந்திரன் கதையின் மயான காண்டமோ இன்னும் சிறந்த உதாரணம். முழு அரிச்சந்திரனை ஆட இயலாத இடங்களிலும் மயான காண்டத்தை மட்டும் ஆடுவதுண்டு. நடுநிசி, சுடுகாடு, காவல் காப்பவன் ஒருவன், பாம்பு தீண்டி இறந்த பிள்ளையைக் கையில் ஏந்தி வரும் தாய் ஒருத்தி. அவன் கேட்பது கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும். அவளிடம் அதுவும் இல்லை. கழுத்தில் தாலி கிடக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். கணவன் கண்ணைத் தவிர வேறு கண்ணுக்குத் தெரியாத வரம் பெற்ற தாலி அது. அவன் அதைப் பார்த்துவிட்டான் என்ற ஒரே காரணத்தால், இன்னாரென்று ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். நாடு இழந்ததையும் விலைபோனதையும் ஒரு வார்த்தையும் அங்கே சொல்லவேண்டியதில்லை. கால் பணத்துக்கு வக்கற்ற ராணியையும் அதை விட்டுக்கொடுக்க உரிமையற்ற ராஜாவையும் காணும்போது, நடந்தவை அனைத்தும் தாமே வந்து நம் நெஞ்சில் நிற்கின்றன. அறிந்துகொண்ட பிறகும் அவன் கட்டணத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் நாடகத்தின் உச்சம். நாற்பது பாத்திரங்களை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் முயன்றாலும் எட்டமுடியாத இடத்தை, இருவரும் ஒரு பிள்ளையின் உடலும் ஒரு தாலியும் எட்டிவிடுகின்றன. இதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து அழுத மக்களுக்குச் சிறு நாடகத்தை ரஸிக்கத் தெரியாது என்று யார் சொல்லமுடியும்?

இடையிலே நம் பழக்கம் மாறியதற்குச் சேலமே ஒரு காரணம் என்றும் சொல்லவேண்டும். 1935இல் டி. ஆர். சுந்தரம் இங்கே மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய பிறகு, நாடகத்தில் தேர்ந்த நடிகர்களும் வசனகர்த்தாக்களும் ஏற்காடு சாலையை நோக்கி வரலாயினர். மு. கருணாநிதியின் ‘மந்திரி குமாரி’ மேடையிலிருந்து 1950இல் இங்கேதான் படமாயிற்று. நீண்ட கதை, பல காட்சிகள், அடுக்கு வசனம் என்ற அந்த விருந்துக்கு நாக்கு பழகியபின், சிறியதெல்லாம் சொற்பமானதாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. ஆயினும் அதே நிறுவனத்தின் ‘வளையாபதி’க்கு வசனம் தீட்டிய பாரதிதாசன்தான், பாத்திரங்கள் வாய்திறந்து ஒரு வசனமும் பேசாத ‘அமைதி’ என்ற நாடகத்தையும் இயற்றினார் என்பதை நினைக்கும்போது, வசன வெள்ளத்தின் நடுவிலும் மௌனத்தின் பெறுமானத்தை உணர்ந்தவர்கள் இருந்தார்கள் என்று ஆறுதல் உண்டாகிறது.

இன்னொரு செய்தியை இந்த ஜில்லாவாசிகளே மறந்துவிட்டார்கள். 1960களின் இறுதியில், கவிஞர் சி. மணியும் அவருடைய நண்பர்களும் சேலத்திலிருந்து ‘நடை’ என்ற சிற்றிதழை நடத்தினார்கள். எட்டே இதழ்கள் வந்து நின்றுபோன அந்தப் பத்திரிகையில்தான் ந. முத்துசாமியின் முதல் நாடகமான ‘காலம் காலமாக’ வெளியாயிற்று. பின்னர் 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறையை நிறுவி, தெருக்கூத்தின் உடல்மொழியையும் புதிய நாடகத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தவர் அவர். தமிழின் நவீன நாடகம் அச்சேறிய முதற்களங்களுள் ஒன்று நம் ஊர் என்பதற்காக நாம் பெருமைப்பட்டதில்லை. அந்த நாடகங்களை நம் ஊரில் போட்டுப் பார்த்ததுமில்லை.

சரி, நல்ல சிறு நாடகத்தை எப்படி இனங்கண்டுகொள்வது? திரை எழுந்ததும் கவனிக்கவேண்டியது, கதை எங்கே தொடங்குகிறது என்பதை. தாய், தகப்பன், ஊர், தொழில் என்று பாத்திரங்கள் தங்களை அறிமுகம் செய்துகொண்டு நின்றால் அந்த நாடகம் பிழைக்காது. ருஷ்ய ஆசிரியர் செகாவ் எழுதிய பெண் கேட்கும் பிரஹசனத்தைப் பாருங்கள். லோமவ் என்ற பண்ணைக்காரன் விசேஷ உடையும் கையுறையும் தரித்துப் பக்கத்துப் பண்ணைக்குப் பெண் கேட்க வருகிறான். தகப்பனுக்கு விஷயம் தெரியும், பெண்ணுக்குத் தெரியாது. அவளோடு பேச்சைத் தொடங்கும்போது, இரு பண்ணைகளுக்கும் இடையிலுள்ள ஒரு புல்வெளி யாருடையது என்ற வாதம் எப்படியோ முளைத்து, இருவரும் உரத்த குரலில் சண்டையிட்டு, மாப்பிள்ளையாக வந்தவன் வெளியே ஓடிவிடுகிறான். வந்த காரியம் என்னவென்று தெரிந்ததும் அவனைத் திருப்பி அழைத்து வரச் சொல்லிக் கதறுகிறாள் பெண். வந்தவுடன் யாருடைய நாய் சிறந்தது என்று மறுபடியும் சண்டை. பரமத்தி வேலூர்ப் பக்கம் வாய்க்கால் பங்கிலும் வரப்பு ஓரத்திலும் பகைத்துக்கொண்டு, அதே வீட்டில் பெண் எடுத்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதில் ருஷ்யாவைத் தேடவேண்டிய அவசியமே இருக்காது. பெண் கேட்க வந்தவன் வாயிற்படி ஏறும்போதே நாடகம் ஆரம்பமாகிவிடுகிறது; அவனுடைய முந்தைய வாழ்வைப் பற்றி நமக்குத் தெரியவேண்டியதெல்லாம் அந்தச் சண்டைக்குள்ளேயே வெளிப்படுகிறது.

மற்றொன்று, மேடையில் இருக்கும் பொருள்களைக் கவனிப்பது. அயர்லாந்து தேசத்து ஸிங் என்பவர் எழுதி 1904இல் டப்ளினில் அரங்கேறிய ‘கடலுக்குச் செல்வோர்’ என்ற ஓரங்க நாடகத்தில், ஒரு தீவின் மீனவக் குடும்பத்து மூதாட்டி தன் கணவனையும் புதல்வர்களையும் வரிசையாகக் கடலுக்குப் பறிகொடுக்கிறாள். நாடகம் தொடங்கும்போதே சுவரோரம் சில புதிய பலகைகள் சாத்தியிருக்கின்றன; கடலில் காணாமற்போன மைக்கேல் என்ற மகனின் உடல் கிடைத்தால் பெட்டி செய்வதற்காக வாங்கிவைத்தவை. தூரக் கரையில் ஒதுங்கிய ஒரு பிரேதத்தின் துணிகளை அவனுடைய சகோதரிகள் தாய்க்குத் தெரியாமல் பிரித்துப் பார்க்கிறார்கள். காலுறையின் தையலை எண்ணி, தான் பின்னும்போது நழுவவிட்ட நான்கு கண்களைத் தடவிப் பார்த்து, இது அண்ணனுடையதுதான் என்று தங்கை அறிந்துகொள்ளும் அந்தக் கட்டத்தை, அம்மாப்பேட்டையிலோ இளம்பிள்ளையிலோ தறியோடு பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி பார்ப்பாளானால், ஊரும் மொழியும் புரியாவிட்டாலும் தங்கையின் விரல்கள் என்ன கண்டன என்பது அவளுக்கு உடனே புரியும். கடைசியில் அந்தப் பலகைகள் மைக்கேலுக்கு உதவவில்லை. நாடகம் நடக்கும்போதே கடலுக்குப் போன கடைசி மகனுக்கு உதவுகின்றன. பலகைகளை வாங்கியவர்கள் ஆணி வாங்க மறந்துவிட்டார்கள் என்று போகிறபோக்கில் சொல்லப்படும் ஒரு வாக்கியம், ஓலமிட்டு அழுவதைவிட மனத்தை அதிகமாக அறுக்கிறது. கடலோ மேடையில் தோன்றுவதே இல்லை. காணாத ஒன்றைக் காண்பவற்றுக்கெல்லாம் மேலாக நம்மை உணரச் செய்வது சிறு நாடகத்துக்கே கைவந்த ஆற்றல். எல்லாவற்றையும் காட்டிவிடத் துடிக்கும் சினிமாவுக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் விழா மேடைகளைப் பார்க்கையில் வருத்தம் மேலிடுகிறது. குழந்தைகளின் குரலை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, மேடையில் அவர்களை வாயசைக்கச் சொல்லும் வழக்கம் பல பள்ளிகளில் பரவியிருக்கிறது. மைக் சரியாகக் கேட்காது என்பது அதற்குச் சொல்லும் காரணம். இரண்டே மைக்குகளை முன்னால் நட்டுவிட்டு, பேசவேண்டியவன் ஓடிவந்து அதன்முன் நின்று பேசிவிட்டுத் திரும்பிப் போகும் பழைய முறை சிறந்ததென்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் குரல் எந்திரத்திலிருந்து வரும்போது நடிகனுக்கு மௌனம் என்ற ஆயுதம் பறிபோகிறது. எதிரில் நிற்பவனுடைய கண்ணைப் பார்த்து, அடுத்த சொல்லைச் சொல்லலாமா வேண்டாமா என்று அரைக்கணம் தயங்கி நிற்கும் உரிமையே நடிப்பின் உயிர்நிலை. ஒலிநாடா அந்தத் தயக்கத்துக்காகக் காத்திராது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், மைக் இல்லாத காலத்தில், திடலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிய கூத்துக் கலைஞர்களின் ஊர் இது. அவர்களுள் ஒருவரை ஒரு வாரம் பள்ளிக்கு அழைத்துக் குரலைத் திறக்கக் கற்பிக்கச் சொன்னால், அந்த எந்திரத்துக்கு வேலை இராது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்திவரும் கலைத் திருவிழாவினால் பல மாணவர்கள் மேடையைக் கண்டிருக்கிறார்கள். அந்த ஆரம்பத்தைப் பயிற்சியாக வளர்ப்பது அந்தந்த ஊர் ஆசிரியர்களின் கையில் இருக்கிறது.

பெருந்தீங்கு செய்வது மற்றொன்று: முடிவில் வரும் உபதேசம். மதுவின் கேடு, பிளாஸ்டிக்கின் கேடு, தலைக்கவசத்தின் அவசியம் என்று விஷயம் எதுவாயினும், கடைசி நிமிஷத்தில் ஒருவன் மேடையின் முன்புறம் வந்து, சபையைப் பார்த்து அறிவுரை கூறாமல் நாடகம் முடிவதில்லை. சொல்லப்படும் கருத்துகளில் எனக்கு வேற்றுமை இல்லை. குடித்துவிட்டு வந்த தகப்பன், மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை டப்பாவிலிருந்து எடுக்கக் கை நீட்டி, மகள் விழித்துக்கொண்டு பார்ப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொள்வதைக் காட்டியபின், குடி கெடுதல் என்று வேறு ஒருவர் வந்து சொல்வது, பார்த்தவர்களின் அறிவையும் இருதயத்தையும் அவமதிப்பதாகும் என்பதே என் கட்சி.

விஷயப் பஞ்சம் என்று எழுதுகிறவர்கள் யாரும் சொல்லவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாரத தேசமெங்கும் போய்ப் பூமியைத் துளைப்பவை. நம் சொந்தக் காடுகளிலும் துளைப்பவை. ஒரு குடியானவன் வீட்டு முற்றம், இரவு நேரம், ரிக் வண்டி மேடைக்கு வெளியே நிற்கிறது, அதன் ஓசை மட்டும் ஓயாமல் கேட்கிறது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்த்துச் சொன்னவர் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். எழுநூறு அடி போயாயிற்று. வெறும் கல்மாவுதான் பறக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று கூலி ஏறிக்கொண்டே இருக்கிறது. மகளின் நகையை அடகு வைத்த பணம் எண்ணூறு அடியோடு தீர்ந்துபோகும் என்பது மனைவிக்குத் தெரியும், கணவனுக்கும் தெரியும், ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது. வண்டிக்காரப் பையன் வந்து, “என்னங்க பண்ணலாம், இன்னொரு ராடு இறக்கட்டுங்களா?” என்று கேட்கிறான். என்ஜின் நிற்கிறது. அதுவரையில் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது மெல்லிய குரலில் பேசியே ஆகவேண்டும். இத்தனை வருஷம் சொல்லாததைச் சொல்லியே ஆகவேண்டும். முடிவு எடுக்கவேண்டிய அந்த ஒரு நாழிகை, காணாத நீர், ஒரு நகை, நான்கு மனிதர்கள்: இதற்குமேல் என்ன வேண்டும்? நாமக்கல்லில் முட்டை விலைக்காகக் காத்திருக்கும் ஒரு கோழிப்பண்ணையிலும், மரவள்ளி லாரிகள் வரிசையில் நிற்கும் ஒரு சேகோ ஆலை வாசலிலும் இத்தகைய நாழிகைகள் எத்தனையோ கழிந்துகொண்டிருக்கின்றன.

சேலத்து நேரு கலையரங்கம் போன்ற இடங்களில், வருஷத்துக்கு நான்கு மாலைகளையாவது சிறு நாடகங்களுக்கென்றே ஒதுக்கவேண்டும். ஒரு மாலைக்கு மூன்று நாடகங்கள் போதும். ஒவ்வொன்றின் இடையிலும் கால் மணி அவகாசம் விட்டால், பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். முதல் நாடகம் பழையதாக, மயான காண்டமாகவோ பொன்னுருவி தர்க்கமாகவோ இருந்து, கூத்துக் கலைஞர்களே அதை ஆடட்டும். இரண்டாவது பிறமொழியிலிருந்து நம் மண்ணுக்கு ஏற்பப் பெயர்த்ததாகவும், மூன்றாவது இந்த ஜில்லாக்காரர் ஒருவர் புதிதாக எழுதியதாகவும் இருக்கட்டும். பொன்னாடை, வாழ்த்துரை, நினைவுப்பரிசு ஆகியவற்றுக்கு அந்த மாலையில் இடம் வேண்டாம். சிறு தொகையாயினும் கட்டணம் வைத்தே நடத்தவேண்டும். நாடகம் தொடங்கியபின் வருகிறவர், அவர் எவ்வளவு பெரிய மனிதராயினும், அடுத்த நாடகம் வரையில் வெளியில் காத்திருக்கவேண்டும். இதற்கு முன்வரும் குழுவினர் எவராயினும், முதல் மாலைக்கான செலவில் ஒரு பங்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளச் சேலத்து வர்த்தகர்களும் நாமக்கல் லாரி உரிமையாளர்களும் தயங்கமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.